தலையை மட்டும் எண்ணு

பேருந்து ஓட்டுகிறவனை யாரும் கேட்பதில்லை,
ஆனாலும் சொல்கிறேன்.
லேவார்டனில் ஏறும்போது இருபத்தாறு பிள்ளைகள்,
இருபத்தாறு ஜோடி ரப்பர் பூட்ஸ்.
பாதிக்கு மேல் புதுசு,
விலைச்சீட்டுகூடக் கிழிக்காதவை.

கரைக்கு அந்தப் பக்கம் கடல்,
நம் தலைக்கு மேல் இருக்கிறது.
அதைப் பற்றிய நினைப்பே இல்லாமல்
ஹில்த்யேவின் மாடுகள் மேய்கின்றன.
ஏப்ரல். காற்று காதைத் திருகுகிறது.

அவள் வரவேற்புரை எதுவும் வைத்திருக்கவில்லை.
விடியுமுன் கன்று இழுத்த கை
முழங்கைவரை காய்ந்து கிடந்தது.
நாலு பேருக்கு ஒரு மண்வெட்டி என்று கொடுத்தாள்.
"ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழம்.
கட்டி உடையாமல் பெயர்த்தெடுங்கள்.
உள்ளே எத்தனை புழு என்று எனக்குத் தெரியவேண்டும்.
போன வருஷம் எண்ணுவதற்கு ஆள் கிடைக்கவில்லை."

ஹைட்ஸ்மா சாருக்கு அது பாடம்.
அவளுக்கு அது வேலை.
எது உண்மை என்று
பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

களிமண் பூட்ஸைப் பிடித்துக்கொண்டது.
யெல்மரின் கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை.
வெள்ளை சாக்ஸோடு கொக்கு மாதிரி நின்றான்.
கை கொடுக்க யாரும் போகவில்லை,
அவ்வளவு சிரிப்பு.

ஃப்ளாஸ்கில் காபி இருந்தது,
வண்டிக்குள் ஹீட்டர் இருந்தது.
நான் எதற்கு இறங்கினேன் என்று இன்னும் தெரியவில்லை.

சண்டை வந்தது நாலாவது குழியில்.
மண்வெட்டி ஒரு புழுவை நடுவில் துண்டாக்கியிருந்தது.
இரண்டு என்றான் வீத்சே.
ஒன்று, அதுவும் செத்தது, என்றாள் ஸீத்ஸ்கே.
அரை அரையாகப் போட்டால் என்ன என்றது ஒரு குரல்.
தாளில் அரைக்குக் கட்டம் இல்லை.
வாளியோடு கடந்துபோன ஹில்த்யே
நிற்காமலே சொன்னாள்:
"தலையை மட்டும் எண்ணு."

தலை எது?

இருபத்தாறு தலைகள் குனிந்தன.
சாரும் குனிந்தார். நானும்.
இரு முனையும் ஒரே மாதிரி,
இளஞ்சிவப்பாய், ஈரமாய்,
எங்களைக் கண்டுகொள்ளாமல்.

ரீமாஸ் அதுவரை கைகளைச் சட்டைக்குள் வைத்திருந்தாள்.
இந்த ஊர் மொழி அவளுக்கு வந்து எட்டு மாதம்.
இப்போது ஒரு துண்டை உள்ளங்கையில் போட்டுக்கொண்டு
மூச்சுவிடாமல் பார்த்தாள்.
அது எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் தலை என்று
முதலில் கையால் சொன்னாள்,
பிறகு வாயால்.
அதற்கப்புறம் அந்தக் குழியை அவளே எண்ணினாள்,
வாஹித், இத்னான், தலாத்தா என்று, சத்தமாக.
யாரும் திருத்தவில்லை.
கணக்கு சரியாக இருந்தது.

பதினொன்று என்று வீத்சே எழுதி முடிக்க,
கருவால் மூக்கன் ஒன்று
பத்தடி தள்ளி இறங்கி
நீண்ட அலகைக் கண்வரை மண்ணுக்குள் விட்டது.
இழுத்தது. நீண்டது. விழுங்கியது.
"அதைக் கழிக்கணுமா?" என்றான்.
நம் குழியில் இல்லாததைக் கழிக்க முடியாது என்றார் சார்.
அவனுக்குத் திருப்தியில்லை.
தாளின் ஓரத்தில்
சின்னதாக ஒரு பறவை வரைந்து வைத்தான்.

மதியம் ரொட்டியும் சீஸும்.
கை கழுவச் சொன்னார்கள்;
நகக்கண்ணில் இருப்பதை யார் கழுவுகிறார்கள்.
ஹில்த்யே தாள்களை வாங்கி மடித்து
ஓவரால் பையில் வைத்தாள்.
நன்றி என்று சொன்னதாக நினைவில்லை.
"அக்டோபரில் மறுபடியும் எண்ணவேண்டும்," என்றாள்.

திரும்பும் வழியெல்லாம்
பேருந்துக்குள் பண்ணை வாசனை.
ஜன்னலைத் திறக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் டிப்போவில் தண்ணீர்க் குழாயோடு உள்ளே போனால்
பதினாலாம் இருக்கைக்குக் கீழே
ஒரு புழு.
யார் பூட்ஸில் வந்ததோ, யார் பையில் வந்ததோ.
கான்கிரீட்டுக்கும் வேலிக்கும் நடுவே
ஒரு முழப் புல் இருக்கிறது, அங்கே கொண்டுபோனேன்.
தலையை மண்ணுக்குள் விடலாமென்று பார்த்தேன்.

காத்திருந்தேன்.
அது எந்தப் பக்கமும் நகரவில்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.