பதினொரு லிட்டர்

குமுளியில் இறங்கும்போது மணி ஏழு.
ஏலக்காய் மண்டியின் ஷட்டர்கள் பாதி திறந்திருந்தன.
செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் நூறடி தள்ளி
சாக்கோச்சன் லாட்ஜ். மூன்று மாடி, பதினான்கு அறை.
"வெந்நீர் வரலேன்னு வர்றவன் எல்லாம் வையுறான்,
மீரானே, ஹீட்டரை மாத்தணுமா?"

வேண்டாம் என்று
மொட்டைமாடி ஏறியதும் தெரிந்துவிட்டது.

சோலார் பலகையிலிருந்து டேங்குக்கு
அரை இஞ்ச் போட்டிருந்தான் யாரோ ஒரு புண்ணியவான்.
ஏழு எல்போ. நடுவில் துணிக்கொடி போல ஒரு தொய்வு.
மோட்டார் இல்லாத வேலை இது.
சுட்ட தண்ணீர் லேசாகித் தானே ஏறும்,
ஆறினது கனத்துத் தானே இறங்கும்.
தூங்குகிற பிள்ளை போர்வையை உதைக்கிற பலம்தான்
அதற்கு மொத்தமும்.
அதன் வழியில் ஏழு முட்டுச்சந்து.
தொய்வுக்குள் காற்று குந்தியிருந்தது,
வண்டியை மறித்துச் சுங்கம் கேட்கிறவன் மாதிரி.

ஒரு இஞ்ச் குழாய் வாங்கச் சொன்னேன். வளைவு இரண்டே.
மீட்டருக்கு இரண்டு விரல் ஏற்றம், நூல் பிடித்து.
மதியத்துக்குள் டேங்கின் தலை
கை வைக்க முடியாமல் சுட்டது.

டேங்கிலிருந்து அறைகளுக்குப் போகிற லைனைப் பார்த்தால்
அது முழுக்க ஒரு இஞ்ச்.
"பெரிசாப் போட்டா நல்லதல்லே?" என்கிறார் சாக்கோச்சன்.
நல்லதுதான், லோயர் கேம்ப்பில்.
மலையிலிருந்து ஆற்றையே உருட்டி இறக்குகிறவனுக்கு
எவ்வளவு பெரிசும் போதாது.
இங்கே ஒருத்தன் முதுகு நனையணும், அவ்வளவே.

சிமெண்ட் பையைக் கிழித்துக் கணக்குப் போட்டேன்.
பதினாலாம் நம்பர் வரை இருபத்திரண்டு மீட்டர்.
மீட்டருக்கு அரை லிட்டர் உள்ளே நிற்கும்.
ராக்குளிரில் அத்தனையும் செத்துக் கிடக்கும்.
விடிகாலை திருகுகிறவன்
பதினொரு லிட்டர் பச்சைத்தண்ணி போக்கித்தான்
வெந்நீரின் முகம் பார்க்கலாம்.
அரை இஞ்ச் என்றால் மூணு லிட்டர்கூட இல்லை.
இடது செருப்பை வலதிலும்
வலதை இடதிலும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

பதிமூன்று அறை முடிந்தது.
பதினாலில் உளி வைத்தபோது
வாசலில் ஓமனா, இரண்டு வாளியோடு.
"இனி அந்தத் தண்ணி வராதா சேட்டா?"
எந்தத் தண்ணி?
"காலையில ஆளுங்க பிடிச்சு ஓரமா வச்சிட்டுப் போவாங்களே,
சூடு வர்ற வரைக்கும்.
மூணாம் மாடிப் படி அதுலதான் கழுவுறேன்.
பத்து மணிக்கு முதலாளி வால்வ் அடைச்சிருவாரு.
அப்புறம் கிணத்தடியில இருந்து தூக்கணும்."
சொல்லிவிட்டு முழங்காலைத் தடவவில்லை, ஒன்றுமில்லை.
வாளியைக் கை மாற்றிக்கொண்டாள்.

சிமெண்ட் பைத் தாளில்
வீண் என்று எழுதி
அடியில் கோடும் போட்டிருந்தேன்.

உளியைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.

சாயங்காலம் சாக்கோச்சன் அறை அறையாய்த் திருகிப் பார்த்தார்.
மூணாம் நம்பர், அஞ்சு, ஒன்பது:
எண்ணி இருபதுக்குள் ஆவி.
பதினாலில் நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.
"இது என்னடே?"
கடைசி ரூமு முதலாளி. அது அப்படித்தான் இருக்கும்.
படியில் ஓமனா தலை தூக்கவில்லை.

கடைசி பஸ் வளைவு வளைவாக இறங்கியது.
லோயர் கேம்ப்பில் அந்தப் பெருங்குழாய்கள்
இருட்டிலும் சரிவில் தெரிந்தன,
எல்போ ஒன்றுமில்லாமல்.
தொடையில் ஏதோ குத்தியது.
எடுத்துப் பார்த்தால்
பதினாலுக்கு வாங்கின ரெட்யூசர்.
முப்பத்தெட்டு ரூபாய்.
பில்லில் சேர்த்தாகிவிட்டது.
நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணும்.
என்ன சொல்லிக் கொடுப்பேன்?