முட்டை துளைக்கும் வேலை

டுட்லிங்கனில் எனக்குச் சம்பளம் முட்டை துளைப்பதற்கு.
பண்ணையிலிருந்து வரும் தீக்கோழி முட்டையைக் களிமண்ணில் நிறுத்தி
மண்டையோட்டுத் துளைப்பானை வைத்து அழுத்துவேன்.
ஓடு பொடியாக வேண்டும்,
அடிச்சவ்வில் கீறல் கூடாது.
பிறகு ஆட்டுத்தலை, பிறகு படிவம், பிறகு என் இரண்டெழுத்து.
எங்கள் கேண்டீனில் யாரும் ஆம்லெட் கேட்பதில்லை.

சூட்சுமம் இவ்வளவுதான்:
எலும்பு எதிர்க்கும்வரை சுழலும்,
எதிர்ப்பு தீர்ந்த கணம் பல் கழன்று நின்றுவிடும்.
நேராகப் பிடித்தால்.
சாய்ந்தால், ஓடு மெலிந்திருந்தால்,
நிற்காமலும் போகும்.
நானூற்றில் மூன்று பார்த்திருக்கிறேன். நசுக்கி எறிந்தேன்.

அக்டோபரில் அப்பா நிலவறைக் கதவில் தலையை இடித்துக்கொண்டார்.
ஒன்றுமில்லை என்றார்.
டிசம்பரில், வெண்ணெய் தடவுகிற அதன் பெயர்
அவருக்கு வரவில்லை.
இடது செருப்பு காலைவிட்டுப் பின்தங்கியது.
ஸ்கேனில் ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே
பிறையாய்ப் பழைய ரத்தம்.
இம்மெண்டிங்கனில் டான்யூப் பாறைக்குள் இறங்கி மறையுமே,
அப்படி, ஓசையில்லாமல்.

மண்டையைத் திறக்க வேண்டாம் என்றாள் டாக்டர் ஹால்டன்வாங்.
சுண்டுவிரல் நகமளவு ஒரு துளை.
மரத்துப்போக ஊசி, விழித்தேதான் இருப்பார்.
ஒரு குழாய், ஒரு நாள்.
நூற்றில் எத்தனை பேருக்குத் தவறும் என்று எண்ணும் சொன்னாள்.
அது என் காதில் நிற்கவில்லை.
"துளைப்பான் எந்தக் கம்பெனி?" என்றேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனி.
பதினேழு வருடமாய் நாங்கள் கேலி பேசுகிற கம்பெனி.
உறையின் மூலையில் தொகுதி எண், பக்கத்தில் கே.பி.
யார் இந்தக் கே.பி.?
அன்று சரியாகத் தூங்கி எழுந்தாரா?
கடைசி முட்டையை லென்ஸுக்கடியில் வைத்தாரா,
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
போதும் என்று விட்டுவிட்டாரா?

அப்படி விட்ட ஒரு வெள்ளிக்கிழமை
எனக்கும் உண்டு.

கையெழுத்துப் போட்டேன்.
கதவுக்கு வெளியே நின்றேன்.
அந்தச் சத்தத்தை எந்தச் சுவருக்குப் பின்னாலும் அடையாளம் தெரியும்:
ஒரே சுருதியில் போகும், கொஞ்சம் கனக்கும்,
பிறகு ஒரு 'டக்'.
வந்தது.

மோட்டார் எண்ணெய் மாதிரி வடிந்தது என்றாள் டாக்டர்.
மறுநாள் அப்பா கத்தியைக் கத்தி என்றார்,
சூப்பில் உப்பில்லை என்றார்,
தலையில் என்ன கட்டு என்று இரண்டுமுறை கேட்டார்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை பேக்கரி வரிசையில்
மற்றவர்களின் நகக்கண்களைப் பார்க்கிறேன்,
வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறதா என்று.
பின்னால் நின்ற ஒருத்திக்கு இருந்தது.
மாவாகவும் இருக்கலாம்.
என் இடத்தை அவளுக்கு விட்டேன்.