பதிவாளரின் ஜூலை

மருந்துக்கடை எல்பியோ
பெட்டியை நீட்டும்போது குரலைத் தாழ்த்தவில்லை.
"முதலில் கெடுக்கும், மிர்தா. அப்புறம்தான் கொடுக்கும்.
இரண்டு வாரம். சிலருக்கு நாலு, ஆறு.
மனசு ரொம்ப மோசமானால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடு.
நீயாக நிறுத்தாதே."
எனக்குப் பின்னால் இருமல் மருந்துக்கு நின்ற ஐந்து பேரும்
ஆமோதித்துத் தலையாட்டினார்கள்.
பைசாந்து சின்ன ஊர்.

பாதி மாத்திரை, ஒரு வெள்ளைப் பிறை.
இத்தனை சின்னது
என் வயிற்றை உருகுவாய் ஆற்றுத் தோணியாக்கி
கரை சேர்க்காமல் வைத்திருந்தது மூன்று நாள்.
உலர்ந்த ரொட்டி, உப்பு பிஸ்கெட்,
கைப்பையில் எப்போதும் ஒரு காலிப் பை.
நாக்கு, பழைய தபால்தலையின் பின்பக்கம்.

சுரைக்குடுக்கையில் மாத்தே ஊற்றி
வெள்ளிக்குழலால் உறிஞ்சாமல்
இந்த நாட்டில் யாருக்கும் பொழுது விடிவதில்லை.
எனக்கு விடிந்தது.
ஏற்கெனவே உதறுகிற கைக்கு அந்தக் கஷாயம் வேறா என்று
குடுக்கையைக் கழுவிக் கவிழ்த்தேன்.

இரவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
பொறுமையைச் சொல்லவில்லை,
நிஜமாகவே, கடைவாய் வலிக்க.
கனவில் அலுவலக முத்திரைகள்
நாய்க்குட்டிகளாகி மேஜைக்கடியில் குரைத்தன.
மூன்று மணிக்கு எழுந்து
பெட்டிக்குள்ளிருந்த காகிதத்தைப் பிரித்தேன்.
போர்வை நீளம்.
'அரிதாக', 'மிக அரிதாக' என்றிருந்த இடமெல்லாம்
என் வீட்டு விலாசம்போலத் தெரிந்தது.

மாண்டிவிடியோவிலிருந்து தங்கை பெர்லா:
"அதை விட்டுத் தொலை. வெயிலில் நட."
இங்கே ஜூலை குளிர்காலம், பெர்லா,
வெயிலே விடுப்பில் போயிருக்கிறது.
நடக்கச் செருப்பைத் தேட வேண்டும்
தேடக் குனிய வேண்டும்
குனிய ஒரு காரணம் வேண்டும்.

ஆறாம் நாள் டாக்டரை அழைத்தேன்.
"ராத்திரி வேண்டாம், காலையில் போடுங்கள்" என்றார்.
அவ்வளவுதான். அவர் சொன்னது ஒரு வரி.
அதைப் பிடித்துக்கொண்டு
வெள்ளிக்கிழமை வரை வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை திருமணம்.
மணமகன் டிராக்டர் மெக்கானிக், நகக்கண்ணில் போகாத கிரீஸ்.
மணமகளுக்கு எட்டாம் மாதம்.
நான் சட்டத்தை வாசித்தேன்:
"கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் விசுவாசமும்"
கொட்டாவி.
தூக்கமே இல்லாத கொட்டாவி,
தாடையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும் கொட்டாவி.
மன்னிப்புக் கேட்டேன்.
"விசுவாசமும் உதவியும்"
மறுபடியும்.
கண்ணில் நீர் வழிய,
என் துக்கம் ஒரு வருடமாகத் தராத நீர்.

மணமகளின் அம்மா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.
பிறகு அவளும் வாயைத் திறந்தாள்.
சாட்சி ஒன்று. சாட்சி இரண்டு.
மணமகன் அடக்கப் பார்த்து மூக்கு விடைத்தான்.
பின்வரிசையில் ஒரு சிறுவன் ஊளையே இட்டான்.
மணமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
"உள்ளே இவனும் விடுகிறான்" என்றதும்
அறை உடைந்து சிரித்தது.

நான் சிரித்தேன் என்று சொல்ல மாட்டேன்.
முகம் சிரிப்பின் வடிவத்துக்குப் போய்
யாரையோ தேடிவிட்டுத் திரும்பி வந்தது.
அதுவும் ஒரு பயணம்தான்.

கையெழுத்திட்டேன்.
என் பெயர் பதிவேட்டில் நெளிந்து ஓடியது
பூரான்போல.
அரசாங்கம் இருக்கிறவரை
அவர்கள் கல்யாணத்தின் அடியில் என் நடுக்கம் இருக்கும்.

நேற்றோடு பத்தொன்பது நாள்.
வேறொரு ஜோடி, வேறொரு பக்கம்.
எதற்கோ முந்தைய தாளைப் புரட்டி
இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
வித்தியாசம் பெரிதில்லை.
ஒரு 'ட' மட்டும்
தன் காலில் நின்றிருந்தது.

இன்று காலை குடுக்கையை நிமிர்த்தினேன்.
ஊற்றவில்லை.
நிமிர்த்தி மட்டும் வைத்தேன்.