காத்து எழுபது

மாங்குளம் சந்தி ஹாட்வெயார்க்காரர்
இரண்டு கையாலும் பிடித்து
பலகையில் அடித்துக் காட்டினார்.
"ஒரு கையால அடியுங்கோ, பாப்பம்" என்றேன்.
மடித்துக் குத்தியிருந்த என் சட்டைக் கையைப் பார்த்தார்,
பிறகு பார்க்காத மாதிரி
விலைச்சீட்டைத் திருப்பினார்.

கையால் அமத்துகிற ஸ்ரேப்பிளர் வீட்டில் கிடக்குது.
பத்துப் பின்னுக்கு உள்ளங்கை கொப்பளிக்கும்.
சுத்தியல் என்றால் ஆணி பிடிக்க ஆள் வேணும்.
ஆள் என்றால் வசீகரன்,
அவன் வருவது பொழுதுபட்டு,
வந்தாலும் ஃபோனோடு.

பெரியது சட்டம் அடிக்க, அது வேண்டாம்.
ஒரு கிலோவுக்குள் நிற்கிற சின்னதை
தோள் உளையும்வரை தூக்கிப் பார்த்தே வாங்கினேன்.
மெல்லிய பின், எட்டு மில்லிமீற்றர்.

கொம்பிரசர் ரயர்க்கடைத் துஷ்யந்தனுடையது,
ஞாயிறு மட்டும் இரவல்.

முதல் பின் றெக்சினை வெட்டிக்கொண்டு
பலகைக்குள் புதைந்தது. காத்துக் கூட.
நூறு, எண்பது,
எழுபதில் பின் துணியோடு சமமாய்ப் படுத்தது.

குப்புறக் கிடந்த கதிரை இருக்கையை
முழங்காலால் அமத்தி,
குறைக்கையால் றெக்சினை இழுத்துப் பிடித்து
நடுவில் ஒன்று, எதிரே ஒன்று,
மூலை மடிப்புகள் கடைசியாக.
பின் மாற்றுமுன் குழாயைக் கழற்றிவிடுவேன்.
மிச்சம் இருப்பது ஒரு கைதானே.

ஐந்தாவது கதிரையில் கரண்ட் போனது.
தாங்கியில் மிஞ்சின காத்துக்குப் பதினொரு பின்.
பன்னிரண்டாவது பாதியில் நின்றது,
தலையை வெளியே நீட்டிக்கொண்டு.

வசீகரன் சுத்தியலோடு வந்தான்.
"வை அதை" என்றேன்,
"கரண்ட் வரட்டும்."