இடது பின்சக்கரம்

இரவு ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து
காருக்கு அடியில் விரித்துவைத்தேன்.
விடிந்ததும் பார்த்தால்
உள்ளங்கை அகலத்தில் ஒரு கரும்பொட்டு.
மூன்றாவது தடவை.

ஹெக்ஸமில் மழைக்காலம் என்று தனியாக இல்லை,
மழை விடும் நேரம் என்று ஒன்று உண்டு.
அதற்குக் காத்திருக்காமல்
ஷெட் கதவை இழுத்து மூடிக்கொண்டேன்.

சக்கரம் தரையில் நிற்கும்போதே
நடு நட்டைத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.
முதல் தடவை இது தெரியாமல்
முழங்கையில் ஒரு தழும்பு வாங்கினேன்.
இப்போது நீளக் குழாயைக் கைப்பிடியில் செருகி
என் எழுபத்திரண்டு கிலோவையும் அதன்மேல் ஏற்றுகிறேன்.
டங்.
மில்பர்ன் வீட்டு நாய்
எனக்காக ஒருமுறை குரைத்துவிட்டு ஓய்கிறது.

டிரம்மை இழுத்ததும் கந்தக வாடை முதலில் வந்தது,
அதன் பின்னால் எண்ணெய்.
பிரேக் ஷூ இரண்டும்
தலையிலிருந்து கால்வரை தேய்த்துக்கொண்டு
வெந்நீருக்குக் காத்திருப்பவைபோல உட்கார்ந்திருந்தன.
போன ஞாயிறு ஆலன்டேல் இறக்கத்தில்
மிதித்த மிதிக்கு வண்டி வலப்பக்கம் பிய்த்துக்கொண்டு போனது.
கல்சுவருக்கும் எனக்கும் நடுவே
ஒரு செம்மறியாடு மென்றுகொண்டிருந்தது.
அது மெல்வதை நிறுத்தவில்லை.
நான்தான் மூச்சை நிறுத்தியிருந்தேன்.

சீல் அனுப்புகிறவர் டார்பியில் இருக்கிறார்,
ஆக்கண்டன் என்று பெயர்.
முதல் சீல் ஒழுகியபோது
வேறொன்று அனுப்பினார், காசில்லாமல்.
அதுவும் ஒழுகியபோது போன் செய்து
போலிச் சரக்கு விற்கிறீர்கள் என்றேன்.
இன்னும் சிலதும் சொன்னேன்,
பேருந்து ஓட்டிப் பழகிய வாய்.
அவர் பதில் பேசவில்லை.
இரட்டை உதடு வைத்த மூன்றாவது சீல்
வியாழக்கிழமை தபாலில் வந்தது.
தபால் செலவுகூடக் கேட்கவில்லை மனிதர்.
அதுதான் கூடுதல் எரிச்சல்.

காலரை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
பள்ளம் இல்லை.
பேரிங்கைச் சுற்றிப் பார்த்தேன்.
முனகல் இல்லை.
பிறகு வேறு வேலை இல்லாததால்
முதுகைச் சிமென்ட்டில் கிடத்தி
டார்ச்சை ஆக்சில்மேல் ஓடவிட்டேன்.

ஆக்சில் குழாயின் முதுகில்
பட்டாணி அளவுக்கு ஒரு மூக்கு.
சூடேறும் காற்று வெளியே போக
செய்தவர்கள் வைத்த வழி.
அதன் துவாரத்தை மூடியபடி
பளபளவென்று கறுப்புப் பெயின்ட்.

அடித்தது நான்.
ஏப்ரலில், இரண்டு கோட்,
உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் போட்டு,
ஒருவரும் குனிந்து பார்க்காத இடத்துக்கு
அத்தனை அலங்காரம்.
அன்றிலிருந்து ஒவ்வொரு மேட்டிலும்
உள்ளே காற்று வீங்கி, போக்கிடம் தேடி,
பாவம், சீலின் உதட்டைப் பிரித்துக்கொண்டு
எண்ணெயோடு வெளியேறியிருக்கிறது.
பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள்.
இங்கே இரண்டுக்கும் இடையில்
ஒரு மீட்டர் இரும்புக்குழாய், அவ்வளவுதான்.

ஊக்கை நிமிர்த்திக் குத்தினேன்.
உஸ் என்று ஒரு சத்தத்துக்குக் காத்திருந்தேன்.
வரவில்லை.
சொல்ல இருந்ததையெல்லாம் அது
முன்பே தரையில் சொல்லி முடித்திருந்தது.
ஊக்கின் நுனியில்
எள்ளளவு கறுப்புத் துகள்.

புது ஷூ, மூன்றாவது சீல், புது ஊசிப்பின்.
ஆலன்டேல் போய்த் திரும்பினேன், வேண்டுமென்றே வேகமாக.
இரவு அட்டை விரித்தேன்.
காலையில் அதன்மேல்
மில்பர்ன் நாயின் ஈரக் கால்தடங்கள் நான்கு.
வேறு எதுவும் இல்லை.

ஒன்பதரைக்கு டார்பிக்குப் போன் செய்தேன்.
நடந்ததைச் சொன்னேன்.
மறுமுனையில் தேநீர்க் கோப்பை கீழே வைக்கப்படும் ஒலி.
"என்ன நிறம் அடித்தீர்கள்?"
"கறுப்பு."
"எல்லாரும் கறுப்புதான் அடிக்கிறார்கள்."

வலப்பக்கத்துக்கும் ஒரு சீல் அனுப்புங்கள் என்றேன்.
"அது ஒழுகவில்லையே?"
தெரியும் என்றேன்,
தபால் செலவைச் சேர்த்து
நான்கு பார்சலுக்கும்.