தற்காலிகம் இரண்டு

மே மாதம். இரவு ஒன்றரைக்கும்
கோட்டை மதில் பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்.
உள்ளே பதினெட்டு டிகிரி. நான் சால்வையில்.
வேலூரில் மார்கழி இந்த சர்வர் அறைக்கு மட்டும்தான்.

இன்றைய வேலை ஸோன்களை ஒழுங்குபடுத்துவது.
எந்த சர்வர் எந்த வட்டைப் பார்க்கலாம்,
எது எதைப் பார்க்கவே கூடாது.
மருத்துவமனை வார்டு வாசலில்
முனிரத்தினம் செய்வதும் இதைத்தான்:
கட்டிலுக்கு ஒரு பாஸ்.
அவர் முகம் பார்ப்பார்.
ஸ்விட்ச் பதினாறு இலக்கம் பார்க்கும்.
எட்டு என்று நான் அடித்தது பி-யாக இருந்தால்
சொந்த வட்டும் அந்நியம்.

ஆய்வகக் கிளஸ்டரில் இரண்டு சர்வர், ஒரே வட்டு.
ஒன்று விழுந்தால் மற்றது எழும்.
இரண்டும் பார்க்கலாம், எழுதுவது ஒன்று.
இரண்டும் சேர்ந்து எழுதினால்
யாருடைய ரத்தமோ
யாருடைய பெயரிலோ போய் உட்காரும்.
அதனால் கேபிளுக்கு ஒரு ஸோன்,
ஏ பக்கம் ஒரு வழி, பி பக்கம் ஒரு வழி.
நாற்பத்து நான்கு டைப் செய்தேன்.
நாற்பத்து நான்கையும் இம்தியாஸ்
மேல்விஷாரத்திலிருந்து ஃபோனில் திருப்பிப் படித்தான்.
இருபதாவதில் அவன் குழந்தை அழுதது;
முதலிலிருந்து படித்தோம்.

பட்டியலின் அடியில் கிடந்தது அது:
தற்காலிகம் இரண்டு.
போட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.
எதற்கென்று எந்த ஏட்டிலும் இல்லை.
ஒரு பழைய சர்வர், ஒரு சேமிப்பு போர்ட்,
நடுவில் ஏழு வருடமாய்ச் சாத்தாத சன்னல்.

நான் அவசரப்படவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.
காலை முதல் அந்த போர்ட்டின் கவுண்டரைப் பார்த்திருந்தேன்.
பூஜ்யம். மதியம் பூஜ்யம்.
சாப்பிட்டுக் கை கழுவி வந்தும் பூஜ்யம்.
"செத்த ஸோன் அக்கா, தூக்கிடுங்க."
தூக்கினேன். புதிய தொகுப்பை இயக்கினேன்.
விளக்குகள் கொஞ்சம் யோசித்து
மறுபடி பச்சையாயின.
கிளஸ்டர் இமைக்கக்கூட இல்லை.
ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினேன்.

இரண்டு நாற்பது. உள் தொலைபேசி.
"பிணவறைலருந்து துளசிங்கம் பேசறேன்.
இன்னாமா, டிரைவைக் காணோம்?
சீட்டு வர மாட்டேங்குது,
ஆளுங்க காத்துகினு கீறாங்க."

அங்கே இருக்கும் பதிவேடு
யாராவது வெளியே போகும்போது மட்டும்
ஒரு வரி எழுதும்.
அன்று காலை முதல் யாரும் போகவில்லை.
பூஜ்யம் என்றால் இதுவும்தான் என்று
எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லவில்லை.

மால்டாவிலிருந்து வந்த குடும்பமாம்.
சென்னை விமான நிலையம் போக வேண்டும்.
ஆம்புலன்ஸ் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.
துளசிங்கம் ரிசீவரைக் கீழே வைக்காததால்
அவருக்குப் பின்னால் ஒரு பெண்
வங்காளத்தில் எதையோ எண்ணுவது கேட்டது,
பணமோ, பைகளோ,
எண்ணி முடித்துத் திரும்ப எண்ணினாள்.

பழைய தொகுப்பை மீட்கப் பதினோரு நொடி.
அதற்கு முன் இரண்டு முறை
கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தேன்.

"வந்துச்சு," என்றார்.
அச்சு இயந்திரம் இழுக்கும் சத்தம்.
என் திரையில் கவுண்டர் நாற்பத்தொன்று.
ஒரு மனிதன் வெளியேற
நாற்பத்தொரு ஃப்ரேம்.

நான்கு மணிக்கு ஸோனுக்குப் பெயர் மாற்றினேன்.
பிணவறை என்று அடிக்கக் கை வரவில்லை.
துளசிங்கம் என்று வைத்தேன்.
அப்போதுதான் பார்த்தேன்: பி பக்கம் அதற்கு வழியே இல்லை.
இத்தனை வருடம் ஒற்றைக் கேபிளில்.
இன்னொரு கேபிள் வேண்டுமென்று
விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கையில்
இம்தியாஸ் கொட்டாவிக்கு நடுவே கேட்டான்:

"அக்கா, இரண்டு இருந்துச்சுன்னா
ஒண்ணு இருந்திருக்கணுமே.
அதை யார் தூக்கினாங்க?"