ஊர் உண்டு, பேர் இல்லை

வியாழன் மாலை. வயாலா நகரின் மதுக்கடை,
உள்ளே மூன்றாவது வரிசை.
பன்னிரண்டு டாலர். அதுதான் எங்கள் வேலி.
அதற்கு மேலுள்ள தட்டுகளை நான் அண்ணாந்து பார்ப்பதில்லை.
கழுத்து வலி ஏற்கெனவே இருக்கிறது,
ஆஸ்பத்திரிச் சலவை மூட்டைகளின் உபயம்.

இத்தனை வருடம் குடித்துக் கற்றது இவ்வளவுதான்:
தங்கப் பதக்கம் ஒட்டியிருந்தால்
எந்த ஊர், எந்த வருடம் என்று கண்ணாடி போட்டுப் படி.
புட்டியின் கனம் புட்டியுடையது, மதுவுடையது அல்ல.
அடிக்குழி ஆழமாக இருந்தால் கட்டைவிரலுக்கு வசதி,
நாக்குக்கு ஒன்றுமில்லை.
லேபிளில் விலங்கு சிரித்தால்
நீயும் சிரித்துவிட்டுத் திரும்ப வை.

லீத் ஒருமுறை கேட்டான்:
"இதில் ஷிராஸ், அதில் சிரா. ரெண்டும் வேற வேறயா?"
கடைப்பெண் டார்சி, மூக்கில் வளையம்,
பெட்டி கிழித்தபடியே சொன்னாள்:
"ஒரே திராட்சைதான். வெயிலில் நின்றால் ஷிராஸ்.
கொஞ்சம் குளிரில் நின்று பிரெஞ்சு பேசினால் சிரா.
மிளகு வாசம் கூட, விலை மூன்று டாலர் கூட."
லீத் ஷிராஸை எடுத்தான்.
மிளகு வீட்டில் இருக்கிறதாம்.

பிப்ரவரியில்
உருக்காலையில் அவனுக்கு ஷிஃப்ட் குறைந்தது.
வேலி ஏழு டாலருக்கு இறங்கி வந்தது.
அந்த விலைக்கு என்ன கிடைக்கும்?
ஜாம் கரைத்த தண்ணீர்.
நான் தரையைப் பார்த்து நடந்தேன்,
அதனால்தான் அந்த அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது.
லேபிள் இல்லாத புட்டிகள்.
கிளீன்ஸ்கின் என்பார்கள் இங்கே.
சூடு வைத்துக் குறி போடாத மாட்டுக்கும் அதே சொல்.
பெட்டியின் மேல் மார்க்கரில்:
கிளேர் பள்ளத்தாக்கு. ஷிராஸ். ஆறு தொண்ணூறு.

ஊர் உண்டு. பேர் இல்லை.
யார் பிழிந்தது, ஏன் பேரை மறைத்தது,
எந்தக் கடன் எந்தக் கதவைத் தட்டியது,
யாருக்குத் தெரியும்.

அன்றிரவு ஆட்டு விலா, சுட்ட தக்காளி.
மூடியைத் திருகினேன்.
மின்விசிறிக்குக் கீழே இரண்டு தண்ணீர்த் தம்ளர்.
முதலில் பழுத்துக் கறுத்த பிளம்.
பிறகு எங்கிருந்தோ யூகலிப்டஸ்,
மழைக்கு முந்தைய ரோட்டோரம் போல.
கடைசியில் நாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்றது ஒரு துவர்ப்பு.
நாங்கள் பேசவில்லை.
ஷிஃப்ட் பற்றிப் பேச வேண்டியிருந்தது, பேசவில்லை.
லீத் தம்ளரை விளக்குக்கு நேரே தூக்கி
ஒரே வார்த்தை சொன்னான்: "தேறும்."
எதைச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

மீதிப் பாதியை ஃபிரிட்ஜில் வைத்தோம்.
மறுநாள் இன்னும் நன்றாக இருந்தது.
அதுதான் தப்பாகப் போயிற்று.

சனிக்கிழமை ஆறு புட்டி வாங்கும் எண்ணத்தோடு போனேன்,
மின்கட்டணத்துக்கு எடுத்து வைத்த காசோடு.
பெட்டி இருந்த இடத்தில்
தள்ளுபடி பீர் அடுக்கியிருந்தார்கள்.
"எந்தக் கம்பெனி, டார்சி?"
"தெரியாது. கொண்டு வந்த லாரிக்காரனுக்கும் தெரியாது."
பேர் இருந்தால் தேடலாம்,
ஃபோன் போடலாம், பக்கத்து ஊரில் கேட்கலாம்.
காலிப் புட்டியைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துக் கழுவினேன்.
கழுத்தில் ஒரு எண் மட்டும், பாதி அழிந்து.
அது சமையலறை ஜன்னலில் நிற்கிறது,
பாத்திரம் கழுவும் திரவத்துக்குப் பக்கத்தில்.

ஜூனில் ஷிஃப்ட் திரும்ப வந்தது.
வேலி பன்னிரண்டுக்கு ஏறியது.
பேருள்ள கிளேர் ஷிராஸ் ஒன்று வாங்கினேன்,
பின்பக்கம் குடும்ப வரலாறே அச்சடித்திருந்தது.
"நல்லாத்தான் இருக்கு" என்றான் லீத்,
என் தங்கை கணவனிடம் பேசும் அதே குரலில்.

இப்போதும் வியாழன் தோறும்
முதலில் தரையைப் பார்க்கிறேன், பிறகுதான் தட்டு.
இந்த வாரம் ஒன்பது ஐம்பதுக்கு ஏதோ ஒன்று.
லேபிளில் விலங்கு இல்லை, பதக்கம் இல்லை, வெறும் ஒரு மரம்.
ஊற்றிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன்.
"தேறுமா?"
தம்ளரை விளக்குக்கு நேரே பிடித்தான்,
பிடித்துக்கொண்டே இருந்தான்.
"கறி ஆறுது" என்றான்.